சிக்னல் பலம், சொல் புரியவில்லை: சிறு ஹாம் செட் ஒன்றின் குரல் கோளாறு

பின்னணி

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஹாம் செட் (உரிமம் பெற்ற தனிநபர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோக் கருவி) பற்றியது இந்தக் குறிப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அவர் ஊரில் மின்சாரமும் கைபேசியும் சேர்ந்தே போயின. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு ‘பத்திரமாக இருக்கிறோம்’ என்று சொல்லக்கூட வழியில்லாமல் நாட்கள் கழிந்தன. அதன் பிறகுதான் அவர் ஹாம் ரேடியோ பக்கம் வந்தார். தேர்வு எழுதி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று, வேறொரு ஹாமிடமிருந்து பழைய செட் ஒன்றை வாங்கினார்.

அது கையால் சேர்த்துக் கட்டிய எஸ்எஸ்பி (குரல் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) செட். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் வேலை செய்யும். பேச்சின் உச்சத்தில் சுமார் 7 வாட் தரும். யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியே போதும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் சுற்றின் வழியில் வந்தது. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே முழு செட்டையும் கட்டலாம் என்பதால் அந்த வடிவமைப்பு உலகெங்கும் பரவியது. நாம் பார்க்கப்போகும் கோளாறு அந்த வடிவமைப்பில் இல்லை, யாரோ பின்னால் சேர்த்த ஒரு பாகத்தில் இருந்தது.

ஆன்டெனா வழக்கமான டைப்போல்தான். இருபுறமும் சேர்த்து சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. மொட்டைமாடியில் நட்ட குழாயின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கியது. கேபிள் நேராக மேசைக்கு வந்தது.

கேட்டவர்கள் சொன்னது

காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ் நிலையங்கள் பல கூடிப் பேசும். ஆசிரியர் அதில் சேர்ந்த முதல் நாட்களில் எல்லோரும் அவருக்கு “ஐந்து ஒன்பது, நல்லா வருது சார்” என்றே சொன்னார்கள். அவரும் அதை நம்பினார். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் எதிர்முனை இரண்டாம் முறை கேட்டது. பேச்சு நீண்டால் ஒவ்வொருவராக நன்றி சொல்லி விலகினார்கள். கடைசியில் மதுரையிலிருந்து ஒரு மூத்தவர்தான் உள்ளதைச் சொன்னார்: “சார், சிக்னல் பலமாத்தான் வருது. ஆனா குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை சொன்னாத்தான் புரியுது.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிக்னல் ரிப்போர்ட்டில் முதல் எண் புரிதலுக்கானது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டாவது எண் பலத்துக்கானது, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பலம் ஒன்பதாக இருந்து புரிதல் மூன்றாக இருக்கலாம். இந்த ஆசிரியருக்கு உண்மையில் கிடைத்திருக்க வேண்டியது ‘மூன்று ஒன்பது’. மரியாதைக்காகச் சொன்ன ‘ஐந்து ஒன்பது’ கோளாறைப் பல வாரங்கள் மறைத்து வைத்தது. தன் குரல் காற்றில் எப்படிப் போகிறது என்பதைப் பேசுகிறவர் தன் செட்டிலேயே கேட்க முடியாது. கேட்பவர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறொரு ரிசீவரில் கேட்க வேண்டும்.

மதுரைக்காரர் சொன்னதைக் கேட்டதும் ஆசிரியர் செய்தது பலரும் செய்வதுதான்: மைக் கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) கடைசி வரை ஏற்றினார். குரல் தெளியவில்லை. உச்சங்களில் கரகரப்பும் சேர்ந்துகொண்டது. பக்கத்து அலைவரிசையில் இருந்தவர்கள் சிக்னல் வழிந்து தங்கள் மேல் விழுவதாகக் குறைசொன்னார்கள். அந்த நிலையில்தான் எங்கள் வட்டார ஹாம் குழுவை அழைத்தார். நானும், டிவி மெக்கானிக்காக இருக்கும் இளைஞர் ஒருவரும் போனோம்.

முதலில் கேட்பதற்கு ஒரு வழி

செட்டைத் திறக்கும் முன் அதன் குரலை நாங்களே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பிறர் சொல்லும் விவரணையை வைத்துக்கொண்டு சால்டரிங் கம்பியை எடுக்கக்கூடாது. ‘அமுங்கிக் கிடக்கிறது’ என்று ஒருவர் சொல்வதும் ‘கரகரப்பு’ என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே கோளாறா இரண்டா என்பது அப்படித் தெரியாது.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அலையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் டம்மி லோட் மாட்டினோம். 1 கிலோ ஓம், 1 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 எடுத்துப் பக்க இணைப்பாகப் பற்றவைத்தால் 50 ஓம், 20 வாட். இந்தச் சிறு செட்டுக்கு அது தாராளம். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது, அது சுருளாகவும் நடந்துகொள்ளும். அடுத்த அறையில் இன்னொரு ரிசீவரை ஆன்டெனா இல்லாமல் வைத்தோம். அவ்வளவு பக்கத்தில் ஆன்டெனாவோடு வைத்தால் ரிசீவரே திணறி, செட்டில் இல்லாத கரகரப்பை உண்டாக்கிவிடும். அதன் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்தோம். கூடவே லேப்டாப்பில் எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) ஒன்று, சிக்னலின் அகலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு.

எதைப் பேசச் சொல்வது என்பதையும் யோசித்தோம். ‘ஹலோ, டெஸ்ட்டிங்’ பயன்படாது. எல்லோருக்கும் பழகிய சொல் என்பதால் பாதி கேட்டாலே மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். புயல் நேரத்தில் என்ன சொல்ல வேண்டியிருக்குமோ அதையே எழுதிக் கொடுத்தோம்: எண்பது, ஐம்பது, அறுபது, எழுபது என்ற எண்கள், கோடியக்கரை, கோடியக்காடு என்ற ஊர்கள். வேதாரண்யம் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் அவை. மெய்யெழுத்து தெளிவாக விழாவிட்டால் எங்கே படகு வேண்டும், எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்பது மாறிப்போகும்.

பதிவில் அவர் குரல் கனமாக இருந்தது. உயிரெழுத்துகள் முழங்கின. ஆனால் ட, க, ச, ற எல்லாம் மங்கி ஒன்றோடொன்று கலந்தன. எண்பதா ஐம்பதா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெயினைப் பாதிக்கு இறக்கியதும் கரகரப்பு போனது, மங்கல் அப்படியே இருந்தது. ஆக இரண்டும் தனித்தனி. எஸ்டிஆர் திரையிலும் அது தெரிந்தது. எஸ்எஸ்பி பேச்சு சுமார் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை பரவி நிற்க வேண்டும். இங்கே முதல் 1,000 ஹெர்ட்ஸுக்குள் எல்லாம் அடர்ந்திருந்தது, அதற்கு மேல் வெளிறிக் கிடந்தது. பேச்சின் பலம் பெரும்பாலும் அந்த முதல் 1,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. புரிதல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஒன்பதைக் காட்டியும் சொல் புரியாததற்கு இதுதான் விளக்கம்.

எந்தப் பக்கம் தேடுவது

மேல் ஒலி தேய்வதற்கு இந்த மாதிரி செட்டில் இரண்டு இடங்கள் சந்தேகத்துக்கு உரியவை. ஒன்று, குரலுக்கு வேண்டிய அகலத்தை மட்டும் விடும் கிரிஸ்டல் ஃபில்டரும், குரலை ஏற்றும் காரியர் அலையை உண்டாக்கும் காரியர் ஆஸிலேட்டரும். காரியர் அலை ஃபில்டரின் விளிம்பிலிருந்து நகர்ந்து உள்ளே புகுந்துவிட்டால் அடித்தொனி பெருத்து மேல்தொனி வெட்டுப்படும். இன்னொன்று, அதற்கு முன்னால் உள்ள மைக் பகுதி.

கூட வந்த இளைஞர், அந்த ஆஸிலேட்டரின் அலைவரிசையை நகர்த்தும் ட்ரிம்மரைத் திருகிப் பார்க்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். பிட்எக்ஸ் வழிச் சுற்றில் பேசும்போதும் கேட்கும்போதும் அதே ஃபில்டர், அதே காரியர் ஆஸிலேட்டர்தான். அங்கே கோளாறு இருந்தால் கேட்கும் ஒலியும் அதே போல மங்கியிருக்க வேண்டும். ஆசிரியரிடம் கேட்டேன். “மத்தவங்க பேசறது எனக்குத் துல்லியமாக் கேக்குதே” என்றார். அதைச் சரிபார்க்க, ஆன்டெனாவை மாட்டி யாரும் பேசாத இடத்தில் வைத்து, ஸ்பீக்கரில் வந்த இரைச்சலைக் கைபேசியின் ஸ்பெக்ட்ரம் செயலியில் பார்த்தோம். சுமார் 300-லிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரை சமமாக நின்றது. ஃபில்டரும் ஆஸிலேட்டரும் நன்றாக இருக்கின்றன, கைவைக்கத் தேவையில்லை. சரியாக அமைந்திருந்த ட்ரிம்மரைத் திருகியிருந்தால் ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும், பழைய இடத்துக்குத் திரும்பவும் வழி இருந்திருக்காது.

பேட்டரியையும் பார்த்துவிட்டோம். பேசும்போது மின்னழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. மீதி இருந்தது மைக்கிலிருந்து, குரலைக் காரியர் அலையில் ஏற்றும் மாடுலேட்டர் வரையிலான சிறு தூரம்.

மைக்குக்குள்

கை மைக்கின் முன் துளையில் தூசியோ பஞ்சோ அடைத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். மங்கலான குரலுக்கு அதுவும் காரணமாவது உண்டு. திறந்தால் துளை சுத்தமாக இருந்தது. ஆனால் எலக்ட்ரெட் மைக்கின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே சிறிய பழுப்பு டிஸ்க் கண்டென்சர் ஒன்று. பற்றவைத்த ஈயத்தின் பளபளப்பு மற்ற இடங்களைவிடப் புதிதாக இருந்தது. கண்டென்சரின் மேல் 104 என்று அச்சாகியிருந்தது.

அந்த இடத்தில் கண்டென்சர் இருப்பது தவறில்லை. மைக் கம்பி வழியே ஏறிவரும் ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்ப அங்கே ஒன்று போடுவார்கள். வழக்கமாகப் போடுவது 102. இந்த எண்களில் கடைசி இலக்கம் பூஜ்ஜியங்களின் எண்ணிக்கை, அளவு பிக்கோ ஃபாரடில். 102 என்றால் 1,000 பிக்கோ ஃபாரட். 104 என்றால் 1,00,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். நூறு மடங்கு வித்தியாசம். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கடையில் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் கிடக்கும்.

கழற்றும் முன் கணக்குப் போட்டோம். இந்த செட்டில் மைக்குக்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம். அதோடு 0.1 மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தேயத் தொடங்கும். அடுத்த நிலையின் உள்தடையையும் சேர்த்தால் அந்த எல்லை 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகலாம். எப்படிப் பார்த்தாலும் 2,400 ஹெர்ட்ஸில் 8 முதல் 11 டெசிபெல் வரை இழப்பு. திரையில் பார்த்த வெளிறலோடு இது பொருந்தியது. 102 போட்டிருந்தால் அந்த எல்லை 72 கிலோஹெர்ட்ஸ், குரலை அது தொடவே தொடாது.

கண்டென்சரின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு அதே சொற்களைப் பேசச் சொன்னோம். முழுதாகப் பிடுங்காததற்குக் காரணம், ஊகம் தவறென்றால் ஒரு சொட்டு ஈயத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதுதான். பதிவைப் போட்டதும் ஆசிரியரின் மனைவி பக்கத்து அறையிலிருந்து “இப்பத்தான் இவர் குரல் மாதிரி இருக்கு” என்றார். கோடியக்கரையும் கோடியக்காடும் பிரிந்து கேட்டன. 102 ஒன்றைப் போட்டு மூடினோம். குரல் மாறவில்லை.

ஆன்டெனாவை மாட்டியதும்

வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். டம்மி லோடில் நன்றாக இருப்பது ஆன்டெனாவிலும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எந்த செட்டையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆன்டெனாவை மாட்டி அதே சொற்களை மறுபடி பேசச் சொன்னோம். இந்த முறை உரத்த எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு உறுமல். மைக்கைப் பிடித்திருக்கும் கையை மாற்றினால் உறுமலின் தன்மையும் மாறியது. டம்மி லோடுக்குத் திரும்பினால் சுத்தமாக இருந்தது.

அந்த 104 ஏன் அங்கே வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. செட்டை விற்றவரிடம் ஆசிரியர் போனில் கேட்டார். தன் வீட்டில் பேசும்போது உறுமியதாகவும், முதலில் இருந்த சிறிய கண்டென்சருக்குப் பதில் பெரியதைப் போட்டதும் நின்றுவிட்டதாகவும் அவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ரேடியோ அலை மைக் வழியே உள்ளே புகுந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் 102, அதாவது 1 நானோ ஃபாரட், சுமார் 23 ஓம் தடை காட்டும். 0.1 மைக்ரோ ஃபாரட் அதைவிட மிகக் குறைவாகக் காட்டும், அலையை நன்றாகவே வடிக்கும். கூடவே பாதிக் குரலையும் வடித்துவிடும். உறுமல் நின்றது அவருக்குத் தெரிந்தது. குரல் தேய்ந்தது தெரியவில்லை.

மறுபடி 104-ஐப் போடுவது எளிது. அதை மறுத்தோம். அலை அறைக்குள் வருவதை நிறுத்தாமல், வந்த பிறகு மைக்கில் வடிகட்டுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அமுக்குவது. அதனால் ஆன்டெனாவிலிருந்து தொடங்கினோம்.

டைப்போல் இரு பக்கமும் சமமானது, கேபிள் அப்படியல்ல. இடையில் ஒன்றும் இல்லாமல் நேராகச் சேர்த்தால் கேபிளின் வெளியுறை மேல் மின்னோட்டம் திரும்பி இறங்கி, மேசைக்கு வந்து, பேச அழுத்தும் பிடிடி பொத்தானைப் பிடித்திருக்கும் கை வரை வரும். மாடியில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உப்புக்காற்றில் களிம்பு பிடித்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டோம். வெளியுறை மின்னோட்டத்தைத் தடுக்க, 2.4 அங்குல, 31 வகை ஃபெரைட் வளையத்தில் மெல்லிய ஆர்ஜி-316 கேபிளை 12 சுற்று சுற்றி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, டைப்போலின் நடுவிலேயே கட்டினோம். உள்ளூரில் அந்த வளையம் கிடைக்கவில்லை. வரவழைக்கச் சில நாட்கள் பிடித்தன. அதுவரை ஆசிரியரைப் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னோம்.

அது மாட்டியதுமே உறுமல் பெரும்பாலும் அடங்கியது. மிச்சம் உரத்த சொற்களில் லேசாக இருந்தது. செட்டுக்குள் பார்த்தோம். மைக் கேபிளின் உறை, சாக்கெட்டில் பெட்டியோடு சேராமல், ஒரு சாண் நீளக் கம்பி வழியாகப் போர்டின் நடுவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கம்பியே உள்ளே ஒரு குட்டி ஆன்டெனா. உறையைச் சாக்கெட்டிலேயே பெட்டியின் உலோகத்தோடு பற்றவைத்தோம். சிக்னல் கம்பியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதற்கப்பால் இன்னொரு 102 வைத்தோம். உறுமல் முழுதாகப் போனது. கையை எப்படிப் பிடித்தாலும் குரல் மாறவில்லை.

கடைசியாக மைக் கெயின். ‘ஆ…’ என்று நீட்டிப் பேசிக்கொண்டே மெல்ல ஏற்றச் சொன்னோம். பவர் மீட்டரின் முள் மேலே ஏறுவதை நிறுத்தும் இடத்திலிருந்து சற்றே பின்னுக்கு இறக்கி வைத்தோம். குமிழ் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

பிறகு நடந்தது

மறுநாள் காலை மதுரையிலும் சேலத்திலும் இருந்த இரண்டு நிலையங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரிசை மாற்றிய எண்களையும் ஊர்ப்பெயர்களையும் ஆசிரியர் ஒரே ஒரு முறை வாசித்தார். அவர்கள் எழுதியதைத் திருப்பி வாசித்தார்கள். அன்று பட்டையில் தூர மின்னலின் இரைச்சல் கொஞ்சம் இருந்தது. சேலத்தில் ஒரு எண் இடி வெடிப்பில் விழுந்துவிட்டது, மற்றவை எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தன. மதுரைக்காரர் கொடுத்த ரிப்போர்ட் ‘ஐந்து எட்டு’. முன்பு கிடைத்துக்கொண்டிருந்த ஒன்பதைவிட அந்த எட்டு எனக்கு மதிப்பானது. கெயின் இறங்கியதால் பலம் சற்றே குறைந்தது, புரிதல் ஐந்துக்கு வந்தது. பக்கத்து அலைவரிசையிலிருந்தும் முறையீடு இல்லை.

ஒரு சிறு குறை மட்டும் மிஞ்சியது. அவர் அறையின் மின்விசிறி இரைச்சல் பேச்சோடு சேர்ந்து போகிறது. மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கப் பழகினால் அது குறையும். பழகிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வழக்கத்தில் மாறியவை

இப்போது எங்கள் குழுவில் செட் ஏதாவது கைமாறினால் முதலில் விற்றவரிடம் பேசுகிறோம். அந்தப் போன் பேச்சு முதலிலேயே நடந்திருந்தால் 104-க்கான காரணமும், ஆன்டெனாப் பக்கம் கவனிக்க வேண்டும் என்பதும் பெட்டியைத் திறக்கும் முன்பே தெரிந்திருக்கும். ஃபெரைட் வளையத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கலாம். செட்டுக்குள் எந்தப் பாகத்தை மாற்றினாலும் மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டி, என்ன இருந்தது, என்ன போட்டோம், எதற்காக, எந்தத் தேதி என்று எழுதுகிறோம். ஆசிரியரின் செட்டில் அப்படி எழுதிய முதல் வரி அந்தக் கண்டென்சர்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே எண்பது, ஐம்பது வாசிப்புச் சோதனை வைக்கிறோம். அதில் தவறு நேர்ந்தால், பலம் எவ்வளவு இருந்தாலும் ஐந்து கொடுப்பதில்லை. காலையில் கூடிப் பேசும் வலையில் சிலருக்கு இது கடுமையாகப் படுகிறது, சொல்லவும் செய்கிறார்கள். என் கருத்து மாறவில்லை. புயல் நாளில் தவறாகப் போகும் ஒரு எண்ணின் சுமை, பேசியவரைவிடச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர் மேல்தான் விழும்.

டைப்போலுக்கு நடுவில் சோக் (நாங்கள் கட்டிய அந்த ஃபெரைட் வளையச் சுற்று) இல்லாத நிலையங்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் சில இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அவற்றையும் முடிக்க வேண்டும். ஆசிரியர் தன் மாடிக் கனெக்டரை ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில் திறந்து களிம்பு பார்த்து, புது டேப் சுற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.